பேராதனை வளாகமும் எமது வாடகைக் கொப்பியும்

புதிய பிள்ளைகள் கெம்பஸுக்கு வரும் வாரம் எங்கள் கடைக்கு ஒரு சின்னப் பெருநாள் மாதிரி. கொழும்பு வீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தத் திகதியைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையில்லை. உம்மா, வாப்பா, பிள்ளை என்று மூன்று பேர் பெரிய பேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினால் விஷயம் விளங்கிவிடும். படுக்கை விரிப்பு இரண்டு, தலையணை உறை இரண்டு, நுளம்பு வலை ஒன்று. வாளியும் பூட்டும் பக்கத்துக் கடையில். என் வாப்பா இதே மேசையில் இருந்த காலத்திலும் இதே பட்டியல்தான். அன்று தகர வாளி, இன்று பிளாஸ்டிக் வாளி.

வழமையாக இந்தப் பகுதியில் டொலர் விலை, வங்கி வட்டி, இறக்குமதி வரி என்று எழுதுவேன். இம்முறை பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத நினைக்கிறேன். வியாபாரப் பக்கத்தில் கெம்பஸுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். கண்டியில் கடை திறப்பவன் மூன்று வகை ஆட்களை நம்பித்தான் திறக்கிறான். தலதா மாளிகைக்கு வரும் யாத்திரிகர் ஒன்று, வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒன்று, கெம்பஸ் பிள்ளை ஒன்று. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளிநாட்டுக்காரன் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் கெம்பஸும் மூடப்பட்டது. அப்போதுதான் கலஹா சந்தியிலிருந்து பெனிதெனிய வரை சாப்பாட்டுக் கடை, போட்டோ கொப்பிக் கடை, முச்சக்கர வண்டி, போர்டிங் வீடு எல்லாம் யாரால் ஓடிக்கொண்டிருந்தன என்பது எமக்கு விளங்கியது.

அவர்கள் எமக்குத் தருவது இது. நாங்கள் அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் எனது கேள்வி. அதற்குப் பதில் தேடுவதாக இருந்தால் இந்த வளாகம் எப்படி உண்டானது என்ற கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1921ஆம் ஆண்டு கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. அது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திய இடம். நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் பெரியவர்கள் உடன்பட்டார்கள். எங்கே கட்டுவது என்பதில்தான் சண்டை. 1920களில் நடந்த அந்த வாதத்துக்கு ‘இடங்களின் போர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கொழும்பு வேண்டும் என்றவர்கள் ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் நூலகமும் அங்கேதானே இருக்கின்றன என்றார்கள். கண்டி வேண்டும் என்றவர்கள் நிலம் உண்டு, குளிர்ச்சி உண்டு, பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் படிக்கலாம் என்றார்கள்.

கண்டிக்காக வாதாடியவர்களில் இரண்டு பேரை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை உருவாக்கிய டீ.ஆர். விஜேவர்தன. தன்னுடைய பத்திரிகையையே இந்த வாதத்துக்கு மேடையாக்கினார். அவர் அரசாங்க உத்தியோகத்தர் இல்லை, பேராசிரியரும் இல்லை. தொழில் நடத்தியவர். மற்றவர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.ரீ. அக்பர். எமது சமூகத்தைச் சேர்ந்தவர், மலாய் வம்சத்தவர். மகாவலிக் கரையில் நிற்கும் அக்பர் விடுதி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அந்த விடுதிக்குப் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தையும் ‘அக்பர் பாலம்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் தினமும் நடக்கும் எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

கண்டி என்று முடிவான பிறகும் முதலில் பார்த்த இடம் அருப்பொல, தும்பறைப் பக்கம். அது சரிவரவில்லை. கடைசியில் 1930களின் பிற்பகுதியில்தான் ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலி வளைந்து ஓடும் புதிய பேராதனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1941இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தார். 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் ஆரம்பமானது. அன்று இருந்த மாணவர்கள் 904 பேர். ஜெனிங்ஸ்தான் முதலாவது உபவேந்தர்.

பேராதனைக்கான திட்டத்தை வரைந்தவர் சேர் பற்றிக் அபர்குறொம்பி. கூட உழைத்தவர் கிளிபர்ட் ஹொலிடே. கட்டிடங்களை உருவாக்கியவர் எமது நாட்டுக் கட்டிடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ். யுத்தம் எல்லாவற்றையும் பிந்தவைத்தது. 1944இல் பேராதனைப் பூந்தோட்டத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் இராணுவத் தலைமையகம் இருந்தது என்றால் சீமெந்துக்கும் இரும்புக்கும் எந்த நிலைமை இருந்திருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். 1949இல் சட்டமும் விவசாயமும் படித்தவர்கள் முதலில் இங்கே வந்தார்கள். 1952 ஒக்டோபரில் பெரிய இடமாற்றம் நடந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் உத்தியோகபூர்வமாகத் திறக்கப்பட்டது.

இந்தக் கதையில் எமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். பேராதனை தங்கிப் படிக்கும் இடமாகவே திட்டமிடப்பட்டது. ஜெயதிலக, அருணாசலம், இராமநாதன், மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா என்று விடுதிகளை விரிவுரை மண்டபத்துக்குச் சமமாக யோசித்துக் கட்டினார்கள். பிள்ளைக்கு அறை, சாப்பாட்டு மண்டபம், விளையாட்டுத் திடல், பொறுப்பாக ஒருவர். ஒரு மாணவன் புத்தகத்திலிருந்து படிப்பதைப் போலவே பக்கத்து அறைக்காரனிடமிருந்தும் படிப்பான் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. அது வீண்போகவில்லை. பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் வந்தது இங்கிருந்துதான். பேராசிரியர் வித்தியானந்தன் தமிழ்க் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் இங்கிருந்துதான். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மேசையில் சோறு சாப்பிட்ட இடம் அது.

அந்தத் திட்டத்தில் நகரத்து வியாபாரிக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. விரிப்பு விற்றோம், அவ்வளவுதான்.

பிறகு நாடு மாறியது. 1945இல் வந்த இலவசக் கல்வியால் கிராமத்துப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். 1960 முதல் கலைப்பிரிவில் சிங்களத்திலும் தமிழிலும் படிக்கலாம் என்றானது. 1961இல் விஞ்ஞான பீடம், அதையொட்டி மருத்துவ பீடம், 1960களின் நடுவில் கொழும்பிலிருந்து பொறியியல் பீடம் என்று வளர்ந்தது. 1972இல் நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒன்றாக்கி, பேராதனையை அதன் ஒரு வளாகம் என்றார்கள். எங்கள் ஊர் வாயில் ‘கெம்பஸ்’ என்ற சொல் இன்றுவரை நிலைத்துவிட்டது அதனால்தானோ என்னவோ. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1979 ஜனவரி முதல் மீண்டும் தனிப் பல்கலைக்கழகமானது. 2015இல் முகாமைத்துவ பீடமும் சேர்ந்து இன்று ஒன்பது பீடங்கள். மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

904 பேரோடு தொடங்கிய ஒன்று இவ்வளவு தூரம் வளர்ந்தது நல்ல விஷயம். அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விடுதிகள் அதே வேகத்தில் வளரவில்லை. ஒருவருக்கான அறையில் இருவர், மூவர் என்று அடுக்கினார்கள். அதுவும் போதாமல் போனபோது எல்லா வருடமும் எல்லாருக்கும் விடுதி கிடைக்காது என்ற நிலை வந்தது. மிச்சப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஹிந்தகல, ஏரியகம, பெனிதெனிய, கன்னொறுவ, கெலிஓயா என்று அறை தேடி வந்தார்கள். ஜெனிங்ஸ் பல்கலைக்கழகத்தின் கடமை என்று நினைத்த வேலை, யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே, எங்களைப் போன்ற வீட்டுச் சொந்தக்காரர்களின் கைக்கு வந்துவிட்டது. நாங்களோ அதைக் கடமை என்று நினைக்கவில்லை. வாடகை என்று நினைத்தோம்.

நான் பிறரைக் குற்றம் சொல்ல வரவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

நான் கெம்பஸ் படிகளைப் படிப்பதற்காக ஏறியவன் இல்லை. 1988இல் உயர்தரம் எழுதினேன். பெறுபேறு போதாது. போதியிருந்தாலும் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. 1989 ஒக்டோபரில் பேராதனை வளாகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்ததை இந்த ஊரில் என் வயதுக்காரர் எவரும் மறக்கவில்லை. “படிச்சவனுக்கு இந்தக் கதி, நீ மேசைக்கு வா மகன்” என்றார் வாப்பா. வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், குறையில்லை. கையில் நாலு காசு சேர்ந்த பிறகு பெனிதெனியவில் ஒரு வீடு வாங்கினேன். மேல்மாடியைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டேன்.

2016ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். மூதூரிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பிள்ளை இரண்டாம் வருடம், விடுதி கிடைக்கவில்லை. அறையைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. ஒரு வருட வாடகை முன்பணம் என்றேன். அதுதான் எனது வழமை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து எண்ணினார். “ஹாஜியார், ஆறு மாதத்துக்கு இப்ப தாறன், மிச்சத்த வெள்ளாம வெட்டினதும் கொண்டு வாறன்” என்றார். “காக்கா, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்” என்று நான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் அந்த அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வியாபாரக் கணக்கில் நான் செய்தது சரி.

சில மாதங்கள் கழித்து ஒரு மழை நாள், அந்தப் பிள்ளை குடை வாங்கக் கடைக்கு வந்தது. என்னை அடையாளம் கண்டு ஸலாம் சொன்னது. கம்பளைக்கு அப்பால் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் இரண்டு பஸ் மாறி வருவதாகச் சொன்னது. மாலை விரிவுரை இருக்கும் நாட்களில் பாதியில் எழுந்துவிடுமாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க. என்னைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது. குடைக்குக் காசு வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டே போனது.

அன்றிரவு என் வாடகைக் கொப்பியைப் புரட்டினேன். ஒரு வருட முன்பணம் என்ற என் சட்டத்தால் எனக்குக் கிடைத்த இலாபம் என்ன? பிள்ளை இடையில் விட்டுப் போனாலும் காசு கையில் இருக்கும் என்ற நிம்மதி. ஆனால் இத்தனை வருடத்தில் இடையில் விட்டுப் போனவர்கள் இரண்டே பேர். இல்லாத ஒரு நட்டத்துக்குப் பயந்து எத்தனை வாப்பாமாரைக் கடன்காரராக்கினேனோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

எமது பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும், இங்கே அக்குறணை, மடவளை, கெலிஓயாப் பக்கமிருந்தும் எமது பெண் பிள்ளைகள் இன்று கெம்பஸ் போகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதற்கு அந்தப் பிள்ளை இரண்டு மூன்று வருடம் தூக்கம் விட்டிருக்கும். தாண்டிய பிறகு, நம்பிக்கையாகத் தங்க ஒரு இடம் இல்லை என்பதற்காக வீட்டில் யோசிக்கிறார்கள். மருத்துவ பீடம் கிடைத்தால் எப்படியாவது அனுப்புகிறார்கள். கலைப் பீடம் என்றால் “தூரம், வேணாம்” என்றுவிடுகிறார்கள். ஒரு கட்டில் இல்லாததால் ஒரு பட்டம் போகிறது.

“இது அரசாங்கத்தின் வேலை” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். விடுதி கட்டுவது அரசாங்கத்தின் வேலை. அதை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் அரசாங்கத்தின் நிலைமையை 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மஹாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. என் வீட்டில் ஒரு கட்டிலுக்கு நான் வாங்கிக்கொண்டிருந்தது 8,000. அதாவது அரசாங்கம் பிள்ளைக்குக் கொடுப்பது முழுவதும் என் கொப்பிக்குள் வந்து, அதற்கு மேலும் 500 ரூபாய் அந்தப் பிள்ளை தேட வேண்டும். சோறு அதற்குப் பிறகுதான்.

“கெம்பஸ் பிள்ளைகள் என்றாலே பிரச்சினை, பகிடிவதை, ஆர்ப்பாட்டம்” என்பவர்களும் உண்டு. பகிடிவதையால் 1997இல் பேராதனையில் ஒரு மாணவன் உயிரிழந்ததும், அடுத்த வருடம் அதற்கெதிராகச் சட்டம் வந்ததும் நாம் அறிந்தவை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் என் மாடியில் இருந்த பிள்ளைகளால் எனக்கு உடைந்தது இரண்டு ஜன்னல் கண்ணாடி மட்டும்தான். கிடைத்தது அதைவிடப் பெரியது. 2018 மார்ச்சில் திகனையில் எமது கடைகளும் வீடுகளும் எரிந்த வாரம், ஊரடங்கில் கதவை மூடிக்கொண்டு இருந்தோம். முன்பு என் வீட்டில் தங்கிப் பொறியியல் படித்த ஒரு சிங்களப் பிள்ளை குருநாகலிலிருந்து தொலைபேசி எடுத்தான். “அங்கிள், கடைக்கு ஒண்டும் இல்லைதானே? நான் வரவா?” என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். எந்தக் காப்புறுதி நிறுவனம் எனக்கு அதைத் தந்திருக்கும்?

எனவே வியாபாரிகளான நாம் என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, முன்பணம். ஒரு மாத வாடகையும் ஒரு மாத முற்பணமும் போதும். எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கட்டும். விடுமுறை மாதங்களில் பாதி வாடகை. நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். கட்டில் வாடகையையும் 6,000 ஆகக் குறைத்திருக்கிறேன். அறைகள் காலியாக இருந்ததே இல்லை.

இரண்டாவது, வேலை. சனி, ஞாயிறு நாட்களில் எங்கள் கடைகளில் ஆள் போதாது. கணக்கு எழுத, கணினியில் சரக்கு இருப்புப் பதிய, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுத ஆள் தேடுகிறோம். முகாமைத்துவ பீடம் நான்கு மைல் தூரத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கொடுத்தால் அவன் சாப்பாட்டுச் செலவு சரியாகும். எமது கணக்குப் புத்தகமும் சரியாகும்.

மூன்றாவதுதான் பெரியது. வக்பு விடுதி. எமது ஜமாஅத்துகளிடம் நிலம் உண்டு, கடைகள் உண்டு. 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட சொத்துக்கள் உண்டு. அவற்றின் வருமானம் பெரும்பாலும் பள்ளிவாசல் கட்டிடத்துக்கே திரும்பிப் போகிறது. டைல்ஸ் மாற்றுகிறோம், ஏசி போடுகிறோம், மினாராவை உயர்த்துகிறோம். ஒரு ஊரில் வரவேற்பு மண்டபம் கட்டினால் பக்கத்து ஊரும் கட்டுகிறது. அது வாரக் கடைசியில் மட்டும் திறக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அறை, அறைக்கு இரண்டு பேர், இருபது கட்டில். கட்டிலுக்கு மாதம் 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் ஒரு இலட்சம். விடுமுறையைக் கழித்து வருடத்தில் பத்து மாதம் என்று வைத்தால் பத்து இலட்சம். பொறுப்பாளர் பெண்மணியின் சம்பளம், கரண்ட், தண்ணீர், திருத்த வேலை போனால் மிஞ்சுவது சொற்பம். கட்டிய காசு வியாபார வேகத்தில் திரும்பி வராது. ஆனால் விடுதி தன் காலில் நிற்கும், பள்ளிவாசல் நிதியிலிருந்து மாதாமாதம் எடுக்கத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு கடை போட்டால் அந்த வாடகையில் நாலு ஏழைப் பிள்ளைகளை இலவசமாகவே வைக்கலாம். முதல் விடுதி பெண் பிள்ளைகளுக்காக இருக்கட்டும். கதவு எல்லாச் சமூகத்துக்கும் திறந்திருக்கட்டும்.

இது எமக்குப் புதிய சரக்கு அல்ல. மொரோக்கோவின் பாஸ் நகரில் கி.பி. 859இல் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியவர் பாத்திமா அல்-பிஹ்ரி என்ற பெண்மணி, வியாபாரியான தகப்பன் விட்டுப்போன சொத்தைக் கொண்டு கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதுதான் பின்னர் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. எமது நாட்டில் 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். 1973இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் மாணிக்க வியாபாரத்தில் உழைத்ததைக் கொண்டு ஜாமிஆ நளீமிய்யாவை உண்டாக்கினார். நளீம் ஹாஜியார் பட்டதாரி அல்ல. பட்டதாரிகளை உண்டாக்கினார்.

அப்படிப் பெரிதாகச் செய்ய நம்மில் எல்லோராலும் முடியாது. இருபது கட்டில் ஒரு ஊர் ஜமாஅத்தால் முடியும். ஒரு கட்டில் ஒரு கடைக்காரரால் முடியும்.

அந்த மூதூர்ப் பிள்ளை பட்டம் முடித்து இன்று அதே ஊரில் ஆசிரியையாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்திருக்கலாம். தினமும் இரண்டு பஸ் மாறியும் அது படித்து முடித்துவிட்டது, ஆனால் முடிக்க முடியாமல் திரும்பிப் போன பிள்ளைகள் எம்முடைய எந்தக் கொப்பியிலும் பதியப்படவில்லை.

அடுத்த தொகுதிப் பிள்ளைகள் வரும்போது கண்டிக் கடைத்தெருவில் இருக்கும் நாநாமார் எல்லோரும் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விரிப்பைச் சுற்றிக் கொடுக்கும்போது, “தங்க இடம் சரியா மகள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், நமக்குத் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசிவிட்டு மிச்சக் காசைக் கொடுப்போம்.